மூன்று நாள் முகாமுக்குப் போனால் ஆய்வேடு எழுதி முடியுமா?

கேள்வி

அன்பின் மிஸ்,

கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். அரசாங்கப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு இந்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை. ஐந்து வருஷத்துக்கு முன் முதுதத்துவமாணிக்கு (எம்.ஃபில்) பதிந்தேன். மலையகத்தில் இருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு வந்த பெண்களைப் பற்றியது என் ஆய்வு. 26 பேருடன் பேசி, ஒலிப்பதிவுகளை எல்லாம் எழுத்தில் இறக்கிவிட்டேன். அதோடு சரி. மூன்று வருஷமாகப் பின்னணி அத்தியாயத்தையே திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு புத்தகம் வாசித்தால் எழுதலாம் என்று தோன்றும். வாசித்தால் இன்னும் நாலு வாசிக்க வேண்டும் போல இருக்கும். மேற்பார்வையாளர், "முழு அத்தியாயத்தையும் கொண்டு வாங்கோ, பார்ப்போம்" என்றார். ஏழு மாதமாக அவருடைய மின்னஞ்சலுக்கு நான் பதில் போடவில்லை. போட வெட்கமாக இருக்கிறது.

என்னோடு படிக்கும் ஒருவர், பண்டாரவளையில் மூன்று நாள் "ரைட்டிங் ரிட்ரீட்" (எழுத்து முகாம்) நடக்கிறது, வாங்கோ என்கிறார். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 38,000 ரூபா. கையில் இல்லை. சங்கிலியை அடகு வைத்தால் போகலாம். கணவர் போய் வா என்கிறார். மாமி, "வீட்டில எழுதாதவள் அங்க போய் எழுதுவாளா?" என்று கேட்டா. எனக்கும் அதே சந்தேகம்தான். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்களாம். என்ன செய்வதென்று தெரியவில்லை.

கொழும்பு 13 வாசகி

பதில்

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் மேலே இருப்பதைவிட நீளமானது. இடத்துக்காகச் சுருக்கினேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டேன். "இது தேவையில்லை, வெட்டிவிடுங்கோ" என்று நீங்களே எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

முதலில் மாமியின் கேள்வி. அது நியாயமான கேள்வி. வீட்டில் எழுத முடியாதவர் வேறு ஊருக்குப் போனால் எழுதுவாரா? இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டப்பின்படிப்பு மாணவர்களின் எழுத்தோடு வேலை செய்கிறேன். நான் கண்ட வரையில் பலர் எழுதுகிறார்கள். ஊர் மாறியதால் எழுதுகிறார்கள் என்று நினைத்தால்தான் ஏமாந்துபோவோம். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ஆய்வேட்டுக் காலத்தில் ஹற்றனில் உறவினர் வீடு ஒன்று பத்து நாள் காலியாக இருந்தது. ஃபோட்டோகொப்பி நிறைந்த இரண்டு அட்டைப்பெட்டிகளோடு போய் இறங்கினேன். சத்தம் இல்லை, சமையல் இல்லை, யன்னலைத் திறந்தால் பனி. பத்து நாளும் வாசித்தேன். திரும்பி வரும்போது என்னிடம் மூன்று பக்கம் இருந்தது. அமைதி நிறையக் கிடைத்தது. ஆனால் "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று பின்னேரம் கேட்க ஒருவரும் இல்லை. பெட்டி இரண்டும் கூடவே இருந்ததால் வாசிப்பதற்கும் முடிவில்லை.

எழுத்து முகாமை ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்த இரண்டையும்தான் முதலில் சரிசெய்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் ரொவீனா மரே வளர்த்தெடுத்த முறையில், வந்தவர்கள் ஆளுக்கொரு அறையில் போய் ஒதுங்குவதில்லை. எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே மணிக்கணக்கில் எழுதுகிறார்கள். தொடங்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம், "இந்த ஒன்றரை மணித்தியாலத்தில் இதை எழுதப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்ததும், எழுதினேனா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். இடைவேளை, சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு. விரிவுரை கிடையாது. அவ்வளவுதான் முறை. கேட்க மிகச் சாதாரணம். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், எட்டுப் பேர் குனிந்து எழுதும் மேசையில் எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக் கால் வராது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பார்பரா கிராண்ட் 1997 இல் தொடங்கிய முகாம்கள் பல்கலைக்கழகப் பெண்களுக்கென்றே நடந்தவை. ஏன் பெண்களுக்கென்று தனியாக வைத்தார்கள் என்பதை, புலமைப்பரிசில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதப் பார்க்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கொழும்பில் நான் நடத்திய ஒரு நாள் அமர்வில் கண்டதைச் சொல்கிறேன். நீள மேசை, ஏழு பேர். எனக்கு எதிரே ஒரு தம்பி, கலாநிதிப் பட்டத்துக்கு மூன்றாவது வருஷம். லப்டொப்பில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கவனித்தால் ஒரு வித்தியாசம் தெரியும்: எழுதுகிற கைக்குச் சத்தம் மாறி மாறி வரும், அழிக்கிற விரலுக்கு ஒரே கட்டையின் சத்தம் தொடர்ந்து வரும். இவருக்கு ஒரு வரி எழுதும் சத்தம், பிறகு ஒரு வரி அழிக்கும் சத்தம். ஒன்பது மணிக்குத் தொடங்கியவரிடம் பத்து மணிக்கும் இரண்டே வரிதான். நான் லப்டொப்பை மெல்ல மூடி, ஒரு அப்பியாசக் கொப்பியையும் பேனையையும் தள்ளி வைத்தேன். "எனக்கு விளங்காதது என்னவென்றால், என்று தொடங்குங்கோ. வெட்டாதீங்கோ" என்றேன். முதல் பத்து நிமிஷம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். பிளேன்ரீ வந்தபோது கொப்பியில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. எழுத்து கோணல், வசனங்கள் பாதி தமிழ் பாதி ஆங்கிலம், ஆனால் மூன்றாம் அத்தியாயத்தின் வாதம் முழுவதும் அதற்குள் இருந்தது. அவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது பண்டாரவளைக் குளிர் இல்லை. அழிக்க முடியாத ஒரு பேனையும், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஆறு பேரும்தான்.

இனி அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பேசிய பெண்களில் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். விவரங்களை மாற்றித்தான் இங்கே சொல்கிறேன். சின்ன வயதில் தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வந்தவர். வேலை செய்த வீட்டில் அவருக்கென்று ஒரு கோப்பை. மற்றக் கோப்பைகளோடு அது அலுமாரிக்குள் இருக்காது, கழுவும் தொட்டிக்குக் கீழே ஆணியில் தொங்கும். இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. தனக்கென்று ஒரு சிறிய வீடு. அங்கே போய்த்தான் நீங்கள் அவரோடு பேசியிருக்கிறீர்கள். உங்கள் வரிகளை அப்படியே தருகிறேன்: "எனக்குப் பூப்போட்ட கோப்பையில், சோசரோடு, ரீ தந்தா. தன்னுடைய ரீயை ஒரு சில்வர் கப்பில் ஊற்றிக்கொண்டு கதவு நிலையடியில் இருந்தா. கதிரை காலியாக இருந்தது. அது அவவின் சொந்த வீடு, மிஸ்."

இந்தக் கடைசி வசனத்தை நான் பல தடவை வாசித்தேன். உங்கள் ஆய்வு சொல்ல வந்தது அதில் இருக்கிறது. வேலை முடிந்த பிறகும், சம்பளம் நின்ற பிறகும், அந்த வீட்டின் ஒழுங்கு ஒரு பெண்ணின் கைக்குள்ளும் காலுக்குள்ளும் இருக்கிறது. தன் சொந்த வீட்டில்கூடத் தனக்கு எந்தக் கோப்பை, எந்த இடம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இது ஒரு வாதம். இதை வைத்து ஒரு அத்தியாயம் எழுதலாம். நீங்களோ வெட்டிவிடுங்கோ என்கிறீர்கள்.

கடிதத்தோடு அனுப்பிய பின்னணி அத்தியாயத்தின் முதல் ஐந்து பக்கத்தையும் வாசித்தேன். இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அப்படிச் சொல்கிறார் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறது. பிழை எதுவும் இல்லை. ஆங்கிலமும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. ஆனால் அதில் நீங்கள் இல்லை. வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கான 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் தொடங்கி, சர்வதேச தொழில் அமைப்பின் 189 ஆம் இலக்கச் சமவாயம் வந்த 2011 வரை, 140 வருஷத்தை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். எதற்காக அடுக்குகிறோம் என்பது தெரியாததால்தான் எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை. கோப்பைப் பக்கத்தை முதலில் எழுதி வையுங்கள். பிறகு அந்தச் சட்டத்துக்குத் திரும்பி வந்தால் உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும்: வேலை செய்கிற ஆளைப் பதிவேட்டில் ஏற்ற நினைத்த அரசாங்கத்துக்கும், அவரை மற்றத் தொழிலாளரைப் போல உரிமை உள்ளவராகப் பார்க்கச் சொன்ன சமவாயத்துக்கும் நடுவில், அந்தக் கோப்பை ஏன் ஆணியிலேயே தொங்கியது? அந்தக் கேள்விக்கு உதவுகிற புத்தகங்கள் மட்டும் பின்னணி அத்தியாயத்துக்குப் போதும். மற்றவை நல்ல புத்தகங்களாகவே இருக்கட்டும், உங்கள் ஆய்வேட்டுக்குள் வர வேண்டியதில்லை. பின்னணியை முதலில் முடிக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. என்னிடம் வந்து முடித்தவர்களில் பெரும்பாலானோர் அதைக் கடைசியில்தான் முடித்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்று வருஷமாக எழுத முடியாதவர், இரவில் கொப்பித் தாளில், கையால், ஒரே இருப்பில் எனக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அங்கே எழுத்து ஓடியதற்குக் காரணம், வாசிக்க ஒரு ஆள் இருந்ததும், அந்த ஆள் மதிப்பெண் போட மாட்டாள் என்பதும்தான். உங்கள் ஆய்வேட்டை இந்த மூன்று வருஷத்தில் யாராவது பாதியில் பார்த்தார்களா? கணவர்? கூடப் படிப்பவர்? ஒருவரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். முடிந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருக்கிறீர்கள். காட்டாததால் முடியவில்லை.

அதனால் உங்கள் மேற்பார்வையாளர் சேருக்கு இந்தக் கிழமையே எழுதுங்கள். ஏழு மாதத்துக்கும் விளக்கம் எழுதத் தொடங்கினால் அந்த மின்னஞ்சல் போகாது. "பதில் போடத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நேர்காணல்களை வைத்து நாலாம் அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறேன். முழு அத்தியாயம் இன்னும் இல்லை. நாலு பக்கம் இணைத்திருக்கிறேன். இதில் வாதம் தெரிகிறதா, இந்த வழியில் போகலாமா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? மொழியைப் பிறகு திருத்துகிறேன்." இவ்வளவு போதும், ஆங்கிலத்தில் போட்டு அனுப்புங்கள். "முழு அத்தியாயத்தையும் கொண்டு வாங்கோ" என்று சொல்கிற மேற்பார்வையாளர்கள் பலர், எதைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டால் நாலு பக்கத்தையும் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் நேரம் இல்லை. நாற்பது பக்கத்தைவிட நாலு பக்கம் அவர்களுக்கும் லேசு. பதில் வரவில்லை என்றால் இரண்டு கிழமை கழித்து நேரே போய்ப் பாருங்கள். போகிற அன்றைக்கே பீட அலுவலகத்தில் உங்கள் பதிவு எப்போது முடிகிறது, நீடிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஐந்து வருஷம் என்பதால் சொல்கிறேன். காலம் முடிந்த பிறகு கேட்பதைவிட முடியுமுன் கேட்பது எவ்வளவோ சுலபம்.

மொழி பற்றி. உங்களோடு அந்தப் பெண்கள் தமிழில் பேசினார்கள், ஆய்வேடு ஆங்கிலத்தில் வர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலருக்கும் கை நின்றுபோகிறது. முதல் வரைவை உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள். ஒரு ஆங்கிலச் சொல் வரவில்லையா, தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே போங்கள். ஒரு பந்தி முழுவதும் தமிழில் வந்தால் வரட்டும். அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே மேலே வைத்து, மொழிபெயர்ப்பைக் கீழே வையுங்கள். மரியாதையாகச் சொல்லும் "அவ" என்பதற்கும் "அவள்" என்பதற்கும் உள்ள தூரம் ஆங்கிலத்தில் காணாமல் போகும், அதை நீங்கள் ஒரு வரியில் விளக்க வேண்டியிருக்கும். அந்த விளக்கமே சில இடங்களில் உங்கள் ஆய்வின் நல்ல பகுதியாக வரும். ஆய்வு நடையில் ஒரு வசனத்தை எப்படித் தொடங்குவது என்று தடுமாறினால், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் "அக்கடமிக் ஃப்ரேஸ்பாங்க்" இணையத்தில் இலவசமாக இருக்கிறது. உடன்பட, மறுக்க, எச்சரிக்கையாகச் சொல்ல என்று வகைவகையாக வசனத் தொடக்கங்கள் அதில் உண்டு. உசாத்துணைப் பட்டியலுக்கு "ஸோட்டேரோ" மென்பொருள், அதுவும் இலவசம். ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம்.

காசுக்கு எழுதித் தருகிறவர்களிடம் போகாதீர்கள். பிடிபடுவோம் என்ற பயத்தை விடுங்கள், அது தனி விஷயம். அந்தக் கதவு நிலையில் ஒரு பெண் இருந்ததைக் கண்டது நீங்கள் ஒருவர்தான். காசு வாங்குகிறவர் அதை எழுத முடியாது. வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், ஒரு பரீட்சகர் "ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். முழுவதும் எழுதி முடித்த பிறகு ஒருவரிடம் காசு கொடுத்து ஆங்கிலப் பிழை திருத்துவது வேறு விஷயம். பல இடங்களில் அதை அனுமதிக்கிறார்கள், உங்கள் பீடத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சட்ஜிபிடி போன்றவற்றுக்கும் இதே பேச்சுத்தான், ஒன்றைத் தவிர: அந்த 26 பேரின் பேச்சையும் அதற்குள் போடாதீர்கள். அவர்கள் உங்களை நம்பிச் சொன்னது. வேறு எங்கும் போகும் என்று அவர்களிடம் நீங்கள் அனுமதி கேட்கவில்லை.

சரி, பண்டாரவளை.

சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். முகாம் பயனில்லை என்பதால் இதைச் சொல்லவில்லை. கடன்பட்டுப் போனால் மூன்று நாளில் ஒரு அத்தியாயம் முடிய வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்குவீர்கள். அந்த நெருக்கத்தில் கை இன்னும் இறுகும். மூன்று நாளில் ஒரு அத்தியாயம் முடியாது. நன்றாக நடந்தால் பத்துப் பதினைந்து பக்கம் பச்சை வரைவு வரும். அது பெரிய விஷயம்தான், ஆனால் அதை எதிர்பார்த்துப் போகிறவருக்குத்தான் அது பெரிதாகத் தெரியும். இன்னொரு முறை, வட்டியில்லாத காசு கையில் இருக்கும்போது போங்கள். பீடத்தில் ஆய்வு மாணவருக்கு ஏதாவது உதவி நிதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். நடத்துகிறவரிடமும் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் எழுத்து, எத்தனை மணித்தியாலம் பேச்சு? எல்லாரும் ஒரே மேசையிலா, தனித்தனி அறையிலா? ஃபோனை என்ன செய்வீர்கள்? பேச்சு அதிகம் என்றால் அது பட்டறை. உங்களுக்கு இப்போது பட்டறை தேவையில்லை.

அதுவரைக்கும் நமக்குப் போயா இருக்கிறது. மாதாமாதம் வருகிற பௌர்ணமி விடுமுறையை எழுத்துக்கு எடுத்துக்கொண்ட மாணவர்கள் எனக்குத் தெரிந்து பலர் இருக்கிறார்கள். பாடசாலை இல்லை, அலுவலகம் இல்லை, வருஷத்தில் பன்னிரண்டு நாள் குறையாமல் கிடைக்கும். பண்டாரவளைக்குக் கூப்பிட்டவரையே முதலில் கேளுங்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். ஒரே துறையாக இருக்க வேண்டியதில்லை. வேறு துறையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டியிருக்கும். இடம் உங்கள் வீடாக இருக்கக்கூடாது. உங்கள் வீட்டில் என்றால் பத்து மணிக்கு உங்கள் கை அரிசி களையப் போய்விடும். நூலகங்கள் போயாவுக்கு மூடியிருக்கும் என்பதால், சின்னப் பிள்ளைகள் இல்லாத ஒருவரின் வீட்டு மேசையோ, கோயிலோடு அல்லது தேவாலயத்தோடு சேர்ந்த ஒரு சின்ன அறையோ கேட்டுப் பாருங்கள். பகல் சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சல் சொல்லிவிடுங்கள். ஒருவர் சமைக்கத் தொடங்கினால் அன்றைய எழுத்து நாள் அவருக்கு முடிந்துவிடும், அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதும் தெரிந்ததே. ஃபோன்கள் எல்லாம் ஒரு பைக்குள். வீட்டுக்கு அந்த வீட்டுக்காரரின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, அவசரம் என்றால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் கொப்பியில், வெட்டாமல். பிறகு ஆளாளுக்கு ஒரு வசனம்: இந்த முறை என்ன எழுதப் போகிறேன். "அத்தியாயத்தைப் பார்க்கப் போகிறேன்" என்பது கணக்கில் வராது. "கோப்பை தொங்கிய இடத்தை ஒரு பக்கம் எழுதப் போகிறேன்" என்பது கணக்கு. ஒன்றரை மணித்தியாலம். பிளேன்ரீ. திரும்ப ஒன்றரை மணித்தியாலம். சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வந்து இன்னும் ஒரு மணித்தியாலம். மத்தியானத்துக்குப் பிறகு எழுத்து மெல்லத்தான் நகரும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். மூன்றரை போல ஒவ்வொருவரும் அன்று எழுதியதில் ஒரு பந்தியைச் சத்தமாக வாசியுங்கள். கேட்பவர்கள் திருத்தக் கூடாது. "எனக்கு விளங்கினது இதுதான்" என்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்ல நினைத்ததும் அவருக்கு விளங்கியதும் வேறாக இருந்தால், மறுநாள் எதைத் திருத்துவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

போகும்போது புத்தகம் கொண்டு போகாதீர்கள். ஆறேழு நேர்காணல்களின் அச்சுப்பிரதி, நீங்கள் நிறம் போட்டு வைத்த பகுதிகள், கொப்பி, பேனை. எழுதும்போது ஒரு மேற்கோள் தேவைப்பட்டால் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். அந்த வட்டங்களை வேறொரு நாள் நூலகத்தில் இருந்து நிரப்பலாம். அதற்குச் சுவடிகள் திணைக்களமும் இருக்கிறது, வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது, இணையத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் "நூலகம்" தளமும் இருக்கிறது. தேடும் வேலையையும் எழுதும் வேலையையும் ஒரே மேசையில் வைத்ததால்தான் மூன்று வருஷம் போனது.

ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் நடுவில் நாலு கிழமை இருக்கிறது. 1980களில் அமெரிக்க உளவியலாளர் ரொபேட் பொய்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் ஆராய்ந்து கண்டது, மனநிலை வரட்டும் என்று காத்திருந்தவர்களைவிட, நேரம் குறித்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எழுதியவர்களே அதிகம் எழுதினார்கள், புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன என்பது. உங்கள் கிழமையில் அந்தக் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறது என்று கடிதத்தைத் தேடிப் பார்த்தேன். சனிக்கிழமை சின்னவனின் புலமைப்பரிசில் வகுப்பு நடக்கும்போது வெளியே மற்ற அம்மாமாரோடு இரண்டு மணித்தியாலம் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 25 நிமிஷத்தை மட்டும் எடுங்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய "பொமொடோரோ" முறையில் ஒரு சுற்று அவ்வளவுதான். லப்டொப் வேண்டாம், கொப்பி போதும். மற்ற அம்மாமாரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள், "அரை மணித்தியாலம் எழுதிட்டு வாறன்" என்று. முதல் கிழமை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மூன்றாம் கிழமை, "இன்றைக்கு எழுதேல்லையா?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

கணவர் போய் வா என்று சொன்னாரே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குப் பதிலாகப் போயாவுக்குப் போயா ஒரு நாள் அவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும். மாமிக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

உங்கள் ஒன்றரைப் பக்கத்தையும் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அதன் மேல் பென்சிலால் "அத்தியாயம் 4, பக்கம் 1" என்று எழுதியிருக்கிறேன். வேறொன்றும் திருத்தவில்லை.